மாலை ஆறு நாற்பத்தொன்று

செவ்வாய்க்கிழமை காலை பால் வாங்கக் கடைக்குப் போனேன். அறிவிப்புப் பலகையில் நீலாஸ் நின்றுகொண்டிருந்தான். கையில் பதினான்கு கிலோ சால்மன். யாரோ அந்தப் படத்தைப் பெரிதாக அச்செடுத்து நான்கு மூலையிலும் ஊசி குத்தியிருந்தார்கள். படத்துக்குக் கீழே, எங்கள் மீன்பிடிச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் நான் ஏற்றியிருந்த வரி அப்படியே இருந்தது. பெயர், எடை, நீளம், ஞாயிறு, மாலை 6:41. அந்த 6:41-ஐ மட்டும் சிவப்பு மையால் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தார்கள்.

எங்கள் தெத்னு ஆற்றில் ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். திங்கள் மாலை ஆறு வரை மீனுக்கு ஓய்வு. கலைமான் திருடியவனோடுகூட உட்கார்ந்து காபி குடிப்பவர்கள் உண்டு. ஓய்வு நேரத்தில் மீன் பிடித்தவனுக்கு எங்கள் ஊரில் ஒருவரும் கதவைத் திறக்க மாட்டார்கள். போன வருடம் இதே குற்றத்துக்கு ஆந்தரஸ் மாட்டினான். இரண்டு கோடைக்கு அவன் ஆற்றில் தூண்டில் போடக் கூடாது என்று சங்கம் தீர்த்துவிட்டது. ஆந்தரஸ் யார்? நீலாஸின் சொந்த அண்ணன் ஹெய்க்காவின் மகன். அவனை மாட்டிவிட்டது யார்? நீலாஸ். ‘நேரம்னா நேரம்தான்’ என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவன் அவன். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு இப்போது அவல் கிடைத்துவிட்டது.

கடையில் நான்கு பேர் இருந்தார்கள். நான் பலகையைப் பார்ப்பதை அந்த நான்கு பேரும் பார்த்தார்கள். பின்லாந்து டவர் விளையாடியிருக்கும் என்று நான் சொன்னதும் கல்லாவில் இருந்த மரித் சிரித்தாள்.

“ஆமாமா. மாட்டுறவன் எல்லாம் அந்த டவரத்தான் கட்டிப் பிடிச்சுக்கிறான். அந்த டவர் மட்டும் இல்லேன்னா இந்த ஊர்ல பாதிப் பேரு ஜெயில்ல இருப்பான்.”

டவர் விஷயம் பொய் இல்லை. ஆற்றுக்கு இந்தக் கரை நார்வே, அந்தக் கரை பின்லாந்து. அக்கரையில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். நடு ஆற்றில் படகு நிற்கும்போது போன் எந்தக் கரை டவரைப் பிடிக்கிறதோ அந்தக் கரை நேரத்தைக் காட்டும், அதையே படத்திலும் எழுதிவிடும். ஒரே படகில் உட்கார்ந்து ஒரே மீனைப் படம் எடுத்த இரண்டு பேர் ஒரு மணி நேர வித்தியாசத்தில் படம் கொண்டுவந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அக்கரை டவர் என்று சொன்னால் போதாது. சொல்கிறவன் போனைக் கொண்டுவந்து, படத்தின் அசலைச் சங்கத்தின் திரையில் எல்லோர் முன்னாலும் திறந்து காட்ட வேண்டும். அசலுக்குள் செயற்கைக்கோள் எழுதிய நேரம் ஒன்று தனியாக ஒளிந்திருக்கும். அதை எந்தக் கரை டவராலும் ஏமாற்ற முடியாது. ஆந்தரஸின் அசலைத் திறந்தபோது அவன் இருபது நிமிடம் பிந்தியது தெரிந்தது. இந்த விதியைச் சென்ற வருடம் கொண்டுவந்ததும் நீலாஸ்தான். தன் வாயால் கெட்ட தவளை.

இதில் என் பங்கும் இருக்கிறது. முப்பத்தொரு வருடம் இந்தப் பள்ளத்தாக்கில் தபால் கொண்டுபோனவன் நான். ஓய்வு பெற்ற பிறகு சங்கத்தின் படங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்தது. பல வருடமாக மூடிக்கிடக்கும் பழைய பால்பண்ணையின் மாடி அறையில் திங்கட்கிழமைதோறும் கம்ப்யூட்டரைத் திறந்து உட்காருவேன். ஆட்கள் போனையும் கேமரா கார்டையும் கொண்டுவருவார்கள். வயரைச் சொருகி, மீன் படங்களை மட்டும் இறக்கி, இரட்டைப் படங்களை நீக்கி, பெயரும் எடையும் எழுதி, வருடத்துக்கும் வாரத்துக்கும் பிரித்து வைப்பேன். யாருடைய மீன் எது என்று பத்து வருடக் கணக்கு அதில் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை ஒன்று உண்டு. படத்தை இறக்கும்போது ‘இடத்தை நீக்கு’ என்று ஒரு சிறிய பெட்டி வரும். அதில் நான் டிக் போடுவேன். எங்கள் ஊரில் மனைவியின் வயதைக்கூடக் கேட்கலாம், மீன் பிடித்த இடத்தைக் கேட்கக் கூடாது. அந்த டிக்கை நான் ஒரு முறைகூட மறந்ததில்லை என்பதால்தான் இந்தச் சந்தேகப் பிராணிகள் என்னிடம் போனை நீட்டுகிறார்கள். ஆனால் இடத்தை நீக்கினால் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள் நேரமும் போய்விடும். டவர் கொடுத்த நேரம் மட்டும் மிஞ்சும். அதனால் ஒவ்வொருவரிடமும் ‘எந்தக் கரை நேரம்?’ என்று கேட்டுக் கையால் திருத்துவது என் வழக்கம்.

அந்தத் திங்கட்கிழமை நான் கேட்கவில்லை. கடைவாய்ப் பல் வலி உயிரை வாங்கியது. வந்தவர்கள் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். நீலாஸ் போனைக் கையிலிருந்து விடாமல், கட்டைவிரலால் மற்ற படங்களை மறைத்துக்கொண்டு, “இது ஒண்ண மட்டும் எடு” என்றான். எடுத்தேன். கேட்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. அன்று இரவே ஹெய்க்கா அதைப் பார்த்திருக்கிறான். அச்செடுக்கும் இயந்திரம் ஊரில் இரண்டு வீட்டில்தான் இருக்கிறது, ஒன்று அவனுடையது. அண்ணனும் தம்பியும் அப்பாவின் புல்வெளியைப் பங்கு போட்டதிலிருந்து பேசிப் பதினொரு வருடம் ஆகிறது. அவன்தான் இப்போது சங்கத்தின் தலைவன்.

மதியம் நீலாஸ் வீட்டுக்குப் போனேன். அவனும் மனைவி ரிஸ்தெனும் புல் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பு நட்டு ஐந்து வரிசைக் கம்பி இழுத்து, வெட்டிய புல்லை அள்ளி அள்ளிக் கம்பியில் தொங்கவிடுவது இங்கே வழக்கம். அடி வரிசையை அவள் போட்டாள், மேல் வரிசையை அவன். காற்று இல்லாத நாள். கொசு கண்ணுக்குள் புகுந்தது. ஒரே கம்பியின் இரண்டு பக்கமும் நின்று வேலை செய்தவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நான் வந்ததைப் பார்த்ததும் ரிஸ்தென் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அடுப்பில் பாத்திரம் வைத்தாள்.

அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் மே மாதம், ஐஸ் உடைந்து ஆறு பெருகிய வாரத்தில், அவர்களுடைய ஒரே மகள் மாரெத் படகோடு கவிழ்ந்தாள். பத்தொன்பது வயது. மூன்றாம் நாள் கரும்பாறை மடுவில் கிடைத்தாள். அடக்கம் முடிந்ததும் கல்லறைத் தோட்டத்திலேயே நீலாஸ் சொன்னான், என் வீட்டு ஆட்கள் யாரும் இனி அந்த மடுப் பக்கம் போகக் கூடாது என்று. ஊரும் அதை மதித்தது. மடுவில் நல்ல மீன் உண்டு. அப்படியும் அதன் பிறகு அங்கே யாரும் தூண்டில் போடவில்லை. ரிஸ்தென் இரண்டு முறை அங்கே போகக் கிளம்பினாள். இரண்டு முறையும் அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தான். அதன் பிறகு அவள் கிளம்பவில்லை.

சாப்பாட்டில் அந்த மீன்தான் இருந்தது. உப்புப் போட்டு வேகவைத்த சால்மனும் உருளைக்கிழங்கும். பல் வலி போய்விட்டதால் இரண்டு துண்டு தின்றேன். தின்று முடித்துத்தான் பேச்சை எடுத்தேன். வியாழன் மாலை கூட்டம், போனைக் கொண்டுவந்து அசலைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், தவறு என்னுடையது என்று நானே எழுந்து சொல்கிறேன் என்றேன். நீலாஸ் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தான்.

“போனக் குடுக்க மாட்டேன்.”

“எங்கிட்டயாவது சொல்லு. ஆறுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடிதான்.”

“அப்புறம் என்ன வலிக்குது உனக்கு?”

“அசலத் தொறந்தா எடம் தெரியும். எங்கப்பன் சாகுற வரைக்கும் எனக்கே எடத்தக் காட்டல. நான் ஹெய்க்காவுக்குச் செவுத்துல படம் போட்டுக் காட்டணுமா?”

ரிஸ்தென் உருளைக்கிழங்குத் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினாள்.

“ஆந்தரஸ் அசலத் தொறந்தப்ப அவன் எடமும்தான தெரிஞ்சுது? அப்ப இவருக்குக் கை நடுங்கலயே. சின்னப் பையன்னு பாத்தாரா?”

“அவன் திருடன்.”

“இப்ப ஊரு உன்னச் சொல்லுது. ரெண்டு கோடை தூண்டில் இல்லன்னா குளிர்காலத்துல எதத் திம்ப? கடையில டப்பா மீன் வாங்கித் திம்பியா, ஹெய்க்கா பொண்டாட்டி பாத்துச் சிரிக்க?”

“திம்பேன்.”

“கேட்டியா ஓவ்லா? டப்பா மீன் திம்பானாம். இவங்கப்பன் பேர ஊரு இன்னும் மரியாதையாச் சொல்லுது. அந்தப் பேரத் தூக்கிச் சாணியில போட்டாலும் போடுவான், போன மட்டும் காட்ட மாட்டான். நான் முட்டாளா? எடத்த மறைக்கிறவன் எதுக்கு மறைப்பான்? அக்கரை டவர் பிடிச்சிருக்குன்னா அக்கரைக்குப் போயிருக்கான். அக்கரையில யாரு இருக்கா?”

நீலாஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். அடிப்பானோ என்றுகூட நினைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டியில் வைத்தான். “யாரும் இல்ல” என்று சொல்லிவிட்டுப் புல்வெளிக்குப் போய்விட்டான். ஜன்னல் வழியாக அவன் கம்பியில் புல் போடுவது தெரிந்தது. ரிஸ்தென் எனக்குக் காபி ஊற்றினாள். கோபத்தில் தட்டுக்கும் சேர்த்து ஊற்றினாள்.

மறுநாள் புதன்கிழமை பதினொரு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். கையில் அவன் போன். காலுறையில் புல் ஒட்டியிருந்தது. அவன் தூர வயலில் இருக்கிறான், ஒரு மணி நேரம் இருக்கிறது என்றாள். போனைத் திறக்கும் எண் அவளுக்குத் தெரிந்திருந்தது. மாரெத் பிறந்த தேதி.

மற்றவன் போனைத் திறப்பது எனக்குப் பிடிக்காத வேலை. தபால்காரனாக இருந்தவன் நான், ஒட்டிய உறையை ஒரு நாளும் பிரித்ததில்லை. சொன்னேன். அவள் கேட்கவில்லை.

“அவன் பேரு கெட்டா என் பேரும் கெடும். அவன் வேற எவ வீட்டுக்காவது போயிருந்தா அதுவும் எனக்குத் தெரியணும். ரெண்டுல எது வந்தாலும் உன் மேல கோபப்பட மாட்டேன். வயரச் சொருகு.”

என் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் சங்கத்தின் நிரல் உண்டு. சொருகினேன். நிரல் திறந்து வழக்கம்போல் கேட்டது, ஒரு படமா, போனில் உள்ள எல்லாமா என்று. நான் ஒன்றின் மேல் சுட்டியைக் கொண்டுபோனேன். அவள் என் கைமேல் கை வைத்து ‘எல்லாம்’ என்பதை அழுத்தினாள். ‘இடத்தை நீக்கு’ பெட்டியில் டிக் போடவும் விடவில்லை.

முதலில் மீன் படத்தைத் திறந்தேன். உள்விவரத்தில் டவர் நேரம் 18:41 என்று இருந்தது. நான்கு வரிக்குக் கீழே செயற்கைக்கோள் நேரம், உலகப் பொதுக் கணக்கில் 15:41. நம் கோடை நேரத்துக்கு இரண்டு மணி கூட்டினால் மாலை ஐந்து நாற்பத்தொன்று. எனக்கு மூச்சு வந்தது. பத்தொன்பது நிமிடம் மிச்சம் வைத்துப் பிடித்திருக்கிறான். விரலால் தொட்டுக் காட்டினேன். அவள் அதைப் பார்த்துத் தலையாட்டினாள். அவ்வளவுதான்.

“எடம்?”

“அது வேண்டாம் ரிஸ்தென். நேரம் சரியா இருக்கு. நான் பாத்தேன்னு கூட்டத்துல சொல்லிடுறேன்.”

“நீ சொன்னா எவன் நம்புவான்? தப்பா ஏத்துனதே நீதான. எடத்தக் காட்டு.”

வரைபடத்தைத் திறந்தேன். போனில் உள்ள படங்கள் எல்லாம் பள்ளத்தாக்கு முழுக்கச் சிதறிப் புள்ளிகளாக விழுந்தன. கடைக்குப் பக்கத்தில் ஒன்று, வீட்டில் பத்துப் பன்னிரண்டு, மான் அடைக்கும் பட்டியில் மூன்று. ஆற்றில், அக்கரையை ஒட்டினாற்போல், ஒரே ஒரு பெரிய புள்ளி. ஒரே இடத்தில் பல படம் இருந்தால் நிரல் அவற்றைக் குவித்து எண்ணிக்கை எழுதும். அந்தப் புள்ளியில் 88 என்று எழுதியிருந்தது.

கரும்பாறை மடு. அதை நான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள்தான் அந்தப் புள்ளியை அழுத்தினாள். எண்பத்தெட்டுப் படமும் தேதி வரிசையில் விரிந்தன. மீன் படம் கடைசியில் ஒன்று. மற்ற எண்பத்தேழிலும் ஆளும் இல்லை, மீனும் இல்லை. படகு முனை, அதற்கு முன்னால் கரும்பாறை, பாறைக்கு இடது பக்கம் தண்ணீர். கோடையில் கறுப்புத் தண்ணீர், செப்டம்பரில் மஞ்சள் இலை மிதக்கிற தண்ணீர். குளிர்காலத்தில் படகு முனை இருந்த இடத்தில் பனிவண்டியின் கைப்பிடி, அதற்கு முன்னால் வெள்ளை ஐஸ். ஜனவரி இருட்டில் எடுத்த நாலைந்து படங்களில் வண்டி விளக்கின் வெளிச்சம் மட்டும். தேதிகளைப் பார்த்தேன். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை. முதல் படம், அடக்கம் நடந்து ஒன்பதாம் நாள்.

ரிஸ்தென் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். நான் எழுந்து காபி போட்டேன். திரும்பி வந்தபோதும் தள்ளிக்கொண்டுதான் இருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் குரல் தட்டையாக இருந்தது.

“குளிர்காலத்துல கௌதாரிக் கண்ணி பாக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போவான். ஒரு கௌதாரியும் வராது. நான்கூடக் கேலி பண்ணியிருக்கேன்.”

அவள் அடுத்த படத்தைத் தள்ளினாள்.

“என்னக் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தான் ஓவ்லா. என் தோள் ஒரு வாரம் வலிச்சுது. போனா உனக்குப் பைத்தியம் புடிக்கும்னான். நானும் சரி, நல்லதுக்குத்தான் சொல்றான்னு அடங்கி வீட்டுல கெடந்தேன். எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டு இவன் மட்டும் எம்பத்தேழு வாட்டி போயிருக்கான்.”

பிறகு மீன் படத்துக்கு வந்தாள். போனைப் படகு முனையில் சாய்த்து வைத்து அவன் தானே எடுத்த படம், பின்னால் வெறும் தண்ணீர். அதைப் பெரிதாக்கினாள். நீலாஸ் அதில் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தான், அவ்வளவுதான்.

“இதத்தான் நேத்து வேகவச்சேன். நீயும் தின்ன.”

நான் கோப்பையைத் தள்ளி வைத்தேன். அவள் பென் டிரைவ் ஒன்றை மேஜைமேல் வைத்து எண்பத்தெட்டையும் அதில் போடச் சொன்னாள். அவனுக்கு என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லப் போவதில்லை, நீயும் சொல்லாதே என்றாள். போனை எடுத்துக்கொண்டு, குடிக்காத காபியை விட்டுவிட்டு, வயல் வழியாக வேகமாகப் போனாள்.

வியாழன் மாலை ஏழு மணிக்குப் பால்பண்ணை மாடியில் நிற்க இடம் இல்லை. மீனைப் பற்றிய கூட்டத்துக்கு எட்டுப் பேர் வந்தால் அதிசயம். மனிதனைத் தூக்கில் போடுகிற கூட்டத்துக்கு நாற்பது பேர் வருவார்கள். ஆந்தரஸ் முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். மரித் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். நீலாஸும் ரிஸ்தெனும் ஒரே படகில் வந்து இறங்கி, உள்ளே வந்ததும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள்.

நான் முதலில் எழுந்து என் தவறைச் சொன்னேன். கேட்டுத் திருத்தாமல் ஏற்றியது நான்தான் என்றேன். ஒருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஹெய்க்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, போன வருடத் தீர்மானத்தை ஒரு வரி விடாமல் படித்தான். தீர்மானத்தின் அடியில் முன்மொழிந்தவர் பெயரையும் படித்தான். பின்வரிசையில் சிரிப்பு எழுந்து அடங்கியது.

“போனக் கொண்டுவந்திருக்கியா?” என்று கேட்டான். பதினொரு வருடத்தில் தம்பியோடு அவன் பேசிய முதல் வார்த்தை அது.

“இல்ல.”

“அப்ப எத்தன மணிக்குப் புடிச்ச?”

நீலாஸ் எழுந்தான். தொப்பியைக் கையில் வைத்திருந்தான்.

“ஆறுக்கு அப்புறம்தான். படத்துல உள்ள நேரம் சரி. எழுதிக்கோ.”

அறையே கிசுகிசுத்தது. ஆந்தரஸ் கை தட்டினான், ஒரே ஒரு தட்டு. எனக்குக் காது சூடாகிவிட்டது. பொய் சொல்கிறான் என்று கத்த வாய் வந்தது. ரிஸ்தெனைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஹெய்க்கா பேனாவைத் திறந்து, இரண்டு கோடை என்று வாயால் சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினான்.

“எழுதாத” என்றாள் ரிஸ்தென். உட்கார்ந்தபடியே சொன்னாள். “பொய் சொல்றான். அஞ்சு நாப்பத்தொண்ணு. ஓவ்லா அசலப் பாத்திருக்கான், நானும் பாத்தேன்.”

நீலாஸ் திரும்பினான். அவன் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

“ரிஸ்தென், உக்காரு. பேசாத.”

“உக்காந்துதான் இருக்கேன்.” பென் டிரைவை எடுத்து எனக்கு நீட்டினாள். “போடு ஓவ்லா.”

கம்ப்யூட்டர் என் பக்கத்தில்தான் இருந்தது. நீலாஸ் என்னைப் பார்த்த பார்வையில் போடாதே என்ற கெஞ்சலும் போட்டால் கொன்றுவிடுவேன் என்பதும் சேர்ந்திருந்தன. நான் அவள் சொன்னதைச் செய்தேன். அன்றும் இன்றும் அது சரிதானா என்று எனக்குத் தெரியாது. சுவரில் நேரம் வந்தது. 15:41. ஆற்றங்கரையில் பிறந்த நாற்பது பேரும் மனதுக்குள் இரண்டு கூட்டினார்கள். பிறகு வரைபடம் வந்தது. புள்ளி வந்தது. மரித் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மடுதான்” என்றாள் ரிஸ்தென். “ரெண்டு வருஷமா ஞாயித்துக்கெழமையானா அங்கதான் போறான். உங்க யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மீனு இந்த ஒண்ணுதான்.”

ஹெய்க்கா பேனாவை மூடினான். எழுதிய தாளை என்ன செய்வது என்று தெரியாமல் மடித்து மடித்துச் சின்னதாக்கினான். “இத நாங்க கேக்கலயே” என்றான் மெதுவாக. ஆந்தரஸ் நீட்டிய காலை இழுத்துக்கொண்டான்.

நீலாஸ் அவளிடம் பேசினான். நாற்பது பேர் இருப்பதை மறந்துவிட்டான்.

“தூண்டில எடுத்துட்டுப் போனது என் தப்புதான். எப்பவும் எடுத்துட்டுப் போறதில்ல. அன்னிக்கு அந்த எடத்துல ஒண்ணு துள்ளுச்சு. ரெண்டு வருஷத்துல அங்க ஒண்ணுமே அசையல. கை தானாப் போயிடுச்சு. திரும்ப விட்டிருக்கலாம். விடல. அதுக்கு ரெண்டு கோடை இல்ல, சாகுற வரைக்கும் தடை போட்டாலும் நான் வாங்கிட்டுப் போயிருப்பேன். இத ஏன் இவங்ககிட்டச் சொன்ன?”

“உன்னக் காப்பாத்தச் சொல்லல.”

“பின்ன?”

“நீ ஒளிச்சு வச்சது என்னோடதும்தான். அவ உனக்கு மட்டுமா மக?” அவள் எழுந்தாள். நடு வழியில் வந்து அவன் முன்னால் கையை நீட்டினாள். “படகுச் சாவியக் குடு.”

“வீட்டுக்குப் போலாம். அங்க பேசலாம்.”

“வீட்டுல பேசி ரெண்டு வருஷம் போச்சு. குடு.”

அவன் சட்டைப்பையில் கைவிட்டு வெகுநேரம் தேடினான். சாவி அந்தப் பையில்தான் இருந்தது, வெளியே தெரிந்தது. கடைசியில் எடுத்துக் கொடுத்தான். அவள் படியிறங்கிப் போனாள். ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. கூட்டம் முடிந்தது என்று ஹெய்க்கா சொல்லவில்லை, ஆனாலும் எல்லோரும் கலையத் தொடங்கினார்கள். பலகையில் அந்தப் படத்தை இனிக் காணக் கூடாது என்று நான் மரித்திடம் சொன்னேன். நேற்றே கிழித்துவிட்டதாகச் சொன்னாள். பொய்யாக இருக்கும்.

நான் இறங்கிக் கரைக்குப் போனபோது அவள் படகைத் தள்ளி மோட்டாரைக் கிளப்பியிருந்தாள். கோடையில் மறையாத எங்கள் சூரியன் மலைக்கு மேலே அப்படியே நின்றது. படகு நீரோட்டத்துக்கு எதிராக மேலே போயிற்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நீலாஸ் கூழாங்கல்லில் நின்றுகொண்டிருந்தான்.

“கரும்பாறைக்கு வலது பக்கம் முழுக்கக் கல்லு” என்றான். என்னிடம் சொன்னானா, தனக்குச் சொன்னானா தெரியாது. “எடது பக்கமாத்தான் போகணும். அவளுக்குத் தெரியாது.”

பின்னால் சரளைக்கல் நெரிபட்டது. ஹெய்க்கா எங்களைத் தாண்டிப் போய்த் தன் படகில் ஏறினான். மோட்டார் கயிற்றை இழுத்தான். மோட்டார் ஓடத் தொடங்கியது. தம்பியைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தபடி, “ஏறு” என்றான்.

நீலாஸ் ஏறவில்லை. கையைத் தூக்கி, மோட்டாரை நிறுத்து என்று காட்டினான். ஹெய்க்கா நிறுத்தினான். மேலே, வளைவுக்கு அப்பால், ரிஸ்தெனின் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது. பாறையை நெருங்கும் இடத்தில் அது தாழ்ந்தது. நீலாஸ் கழுத்தை நீட்டிக் கேட்டான். சத்தம் அக்கரைப் பக்கமாக நகர்ந்து, சீராக, மேலே போயிற்று.

“எடது பக்கமாத்தான் எடுக்குறா” என்றான். “எப்படித் தெரியும் அவளுக்கு?”

“ரெண்டு நாளா உன் படத்தத்தான பாத்துக்கிட்டிருந்தா” என்றேன். “எல்லாத்துலயும் எடது பக்கமாத்தான நீ போயிருக்க.”

மோட்டார் நின்றது. மடுவுக்குப் போய்விட்டாள். நீலாஸ் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்தான். ஹெய்க்கா படகைவிட்டு இறங்கவில்லை. அவள் திரும்பி வரும்வரை நாங்கள் மூன்று பேரும் கொசுக்கடியில் அங்கேயே இருந்தோம்.